கேள்வி பதில்: கப்பல் போன பிறகு எம்டன் ஆட்கள் என்ன ஆனார்கள்?

சென்ற இதழில் சென்னைத் துறைமுகம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, 1914ஆம் ஆண்டில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் நகரத்தின் மீது குண்டு வீசியதை இரண்டே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனேன். அந்த இரண்டு வரி போதாது என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் ஒரு கட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் போகவேண்டிய ஊர்க்காரர்களுக்குக் கப்பல்மீது இவ்வளவு ஆர்வமா என்று வியந்தேன். ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: எங்கள் மாமியார் எதிர்வீட்டுக்காரரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அவன் சரியான எம்டன், அவனிடம் வாயைக் கொடுக்காதே" என்பார். நீங்கள் எழுதிய எம்டனும் இந்த எம்டனும் ஒன்றுதானா? (ஒரு வாசகி, பாலக்கோடு)

பதில்: ஒன்றேதான் அம்மா. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஒன்பதரை மணியளவில், விளக்குகளை அணைத்துக்கொண்டு சென்னைக் கடற்கரையை நெருங்கிய அந்தக் கப்பல், துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளின் மேல் தேடுவிளக்கைப் பாய்ச்சி, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு, கோட்டையின் பீரங்கிகள் சுதாரித்துப் பதில் சொல்லும்போது இருட்டில் மறைந்துவிட்டது. உயிர்ச்சேதம் குறைவு, ஆனால் மண்ணெண்ணெய் எரிந்த வெளிச்சமும், அதைக் கண்ட நகரத்து மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பிய பீதியும் பெரிது. உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். ஒரு வேலையாக அங்கே போயிருந்தபோது தேடிப் பார்த்தேன். அதைக் கடந்து போகிறவர்களில் பத்துக்கு ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நம் பக்கத்துக்கு இந்தச் செய்தி ரயிலோடுதான் வந்திருக்க வேண்டும். அப்போது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. சென்னையிலிருந்து வருகிறவர்கள் மொரப்பூரில் இறங்கிக் குறும்பாதை ரயில் ஏறித் தருமபுரிக்கு வருவார்கள். பட்டணத்தை விட்டு ஓடிவந்தவர்கள் சொன்ன கதையில், குண்டைவிடக் கப்பலின் தந்திரம்தான் கேட்டவர்களின் மனத்தில் ஒட்டிக்கொண்டது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். அதன் மாலுமிகள் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டி நிறுத்தி, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஓர் ஆங்கிலேயக் கப்பல்போல் தோன்றும்படி செய்திருந்தார்கள். ஓசையில்லாமல் வந்து, காரியத்தை முடித்துக்கொண்டு, பிடிகொடுக்காமல் போகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? மலையாளத்தில் மிகப் பெரிய பொருளை 'எமண்டன்' என்பதற்கும் இந்தக் கப்பலைத்தான் மூலமாகச் சொல்கிறார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஒரு மாந்தோப்புக்குக் காவல்காரர் ஒருவர் இருந்தார். கையில் லாந்தர் இருக்கும், ஆனால் ஏற்றமாட்டார். மரத்தில் நாங்கள் இரண்டாவது காயைப் பறிக்கும்போது அடிமரத்தில் அவருடைய செருமல் கேட்கும். அவரையும் ஊரில் எம்டன் என்றுதான் சொன்னார்கள். விளக்கை அணைத்துவிட்டு வருவது என்ற ஒரு குணத்தால் அந்தப் பெயர் அவருக்கு எவ்வளவு பொருந்தியது என்பது, கப்பலின் கதையைப் பின்னாளில் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

கேள்வி: அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்து வழிகாட்டினார் என்று பள்ளியில் படித்தோமே? (ஓசூர் வாசகர்)

பதில்: மேடைகளில் நூறு ஆண்டுகளாகச் சொல்லப்படும் செய்தி இது. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தில் இருந்து இந்திய விடுதலைக்காக இயங்கிக்கொண்டிருந்தார். அதன்பின் பெர்லினுக்குச் சென்றார். எம்டனோ ஆகஸ்ட் மாதமே பசிபிக் பெருங்கடலிலிருந்து புறப்பட்டு வந்துவிட்டது. வெளிநாட்டில் இருந்து அவர் செய்த பணியின் பெருமைக்கு இந்தக் கப்பல் பயணம் தேவையில்லை என்பது என் கருத்து.

கேள்வி: எம்டனை யார், எங்கே வீழ்த்தினார்கள்? அதில் இருந்தவர்கள் எல்லோரும் மாண்டுபோனார்களா? (பள்ளி ஆசிரியர், பென்னாகரம்)

பதில்: எல்லோரும் மாளவில்லை. அவர்கள் பிழைத்த விதத்தைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். குண்டு வீசிய கதை எல்லோருக்கும் தெரியும், குண்டு பட்ட பிறகு நடந்த கதை நம் ஊர்ப் பேச்சில் வரவே இல்லை.

கப்பலின் கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர். வங்காள விரிகுடாவிலும் இந்தியப் பெருங்கடலிலும் இரண்டு மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தவர். பிடித்த கப்பல்களில் இருந்தவர்களை முதலில் பத்திரமாக இறக்கிவிட்டுப் பிறகே கப்பலை மூழ்கடித்தார். கபிங்கா என்ற கப்பலின் கேப்டன், மனைவியையும் குழந்தையையும் உடன் அழைத்து வந்திருந்ததால் அந்தக் கப்பலை மூழ்கடிக்காமல், மற்றக் கப்பல்களில் பிடிபட்டவர்களை அதில் ஏற்றி அனுப்பிவைத்தார். எம்டனில் சோப்புக்குத் தட்டுப்பாடு வந்த நேரத்தில், இந்தஸ் என்ற கப்பல் பெட்டி பெட்டியாகச் சோப்போடு வந்து மாட்டிக்கொண்டதும் உண்டு.

1914 நவம்பர் 9 அன்று காலை, கோகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டைரக்ஷன் தீவில் கடலடித் தந்தி நிலையத்தையும் கம்பியில்லாத் தந்திக் கம்பத்தையும் அழிப்பதற்காக எம்டன் நங்கூரம் பாய்ச்சியது. ஹெல்முத் ஃபொன் மியூக்கே என்ற அதிகாரியின் தலைமையில் ஐம்பது பேர் படகுகளில் கரை இறங்கினார்கள். ஆனால் அவர்கள் கரையை அடைவதற்கு முன்பே நிலையத்தார் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டிருந்தார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே சென்ற ஒரு பெரும் கப்பல் வரிசை அப்போது ஏறக்குறைய 50 கடல் மைல் தொலைவில்தான் இருந்தது என்பதும், அதன் காவலுக்கு வந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் இரண்டரை மணி நேரத்துக்குள் தன்முன் வந்து நிற்கும் என்பதும் முல்லருக்குத் தெரியாது.

தூரத்தில் புகையைக் கண்டதும் எம்டன் சங்கொலி எழுப்பிக் கரையில் இருந்தவர்களை அழைத்தது. அவர்கள் படகில் ஏறித் துடுப்புப் போட்டும் எட்ட முடியவில்லை. கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போருக்குப் புறப்பட்டது. காலை 9.40 மணியளவில் முதலில் சுட்டது எம்டன்தான். அதன் குறியும் தப்பவில்லை, சிட்னியில் நால்வர் உயிரிழந்தார்கள். ஆனால் எம்டனின் பீரங்கி வாய் 10.5 சென்டிமீட்டர், சிட்னியின் பீரங்கி வாய் 15.2 சென்டிமீட்டர். எதிரியின் குண்டு எட்டாத தூரத்துக்கு விலகி நின்று சிட்னி சுட்டபோது, எம்டனின் முன் கொடிமரமும் புகைபோக்கிகளும் ஒவ்வொன்றாகச் சரிந்தன, சுக்கான் செயலிழந்தது, பீரங்கிகள் பேச்சை நிறுத்தின. இனிப் போரிட முடியாது என்று கண்ட முல்லர், 11.15 மணியளவில், இருந்த கடைசி நீராவி விசையைக் கொண்டு கப்பலை வட கீலிங் தீவின் பவளப் பாறையின் மேல் வேண்டுமென்றே ஏற்றினார். ஆழ்கடலில் நின்றிருந்தால் காயம்பட்டவர்கள் கப்பலோடு போயிருப்பார்கள். 130க்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே மாண்டுவிட்டார்கள். மிஞ்சிய ஏறத்தாழ இருநூறு பேர் உயிரோடு இருந்ததற்கு அந்த ஒரு முடிவே காரணம்.

அதன்பின்தான் சோதனை. குடிநீர்த் தொட்டிகள் போய்விட்டன. தளத்து இரும்பு வெயிலில் கொதித்தது, கீழே தீ. கரை கூப்பிடு தூரத்தில் தெரிந்தாலும் நடுவில் பாறையில் மோதி நுரைக்கும் அலை. கயிறு கட்டிக் கரைக்குப் போகச் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. நீந்தியவர்களில் சிலர் கரை சேர்ந்தார்கள், சிலர் சேரவில்லை. மறுநாள் சிட்னி திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளும் வரை ஓர் இரவும் பகலும் தாகத்தோடுதான் கழிந்தது. ஒகேனக்கல்லில் பரிசல்காரர் சுழல் தெரிந்து ஒதுங்குவதைப் பார்த்த பென்னாகரத்துக்காரருக்கு, கண்ணெதிரே தெரியும் கரைக்கும் காலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போது தாகத்தால் சாவார்களா? அவசரத்துக்குக் கொஞ்சம் கடல்நீரைக் குடித்தால் என்ன? (அரூர் வாசகர்)

பதில்: குடித்துப் பார்த்த ஒருவரின் முடிவு இதே கதையில் இருக்கிறது. எம்டனிலிருந்து வட கீலிங் தீவுக்கு இருபது பேரளவில் போய்ச் சேர்ந்தார்கள். அந்தத் தீவில் தென்னை உண்டு, ஆள் குடியிருப்பு இல்லை, நன்னீர் இல்லை. அவர்களில் கப்பலின் உதவி மருத்துவரும் ஒருவர், பலத்த காயம்பட்டவர். அன்றிரவு தாகம் தாங்காமல் ஒரு மாலுமியிடம் கடல்நீரைக் கொண்டுவரச் சொல்லி நிறையக் குடித்தார் என்றும், புத்தி பேதலித்து இறந்தார் என்றும், மறுநாள் மீட்கச் சென்ற சிட்னியின் மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். கடல்நீரின் கேட்டைப் படித்து அறிந்த ஒருவரே அப்படிக் கேட்கிறார் என்றால் தாகம் எந்த அளவுக்கு ஏறியிருக்க வேண்டும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

காரணம் எளிது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகங்களால் அவ்வளவு உப்புச் செறிவோடு சிறுநீரை வெளியேற்ற முடியாது. ஆகவே குடித்த ஒரு லிட்டரின் உப்பை வெளியே தள்ளுவதற்கு, குடித்ததைவிட அதிகமான நீரை உடம்பு தன் இருப்பிலிருந்து எடுத்துச் செலவிட வேண்டியிருக்கிறது. குடிக்கக் குடிக்க உடம்பு வற்றுகிறது. இரத்தத்தில் உப்பு ஏறும்போது மூளையின் உயிரணுக்கள் சுருங்கி, இல்லாத காட்சிகள் தெரியத் தொடங்குகின்றன. 1945 ஜூலை 30 அன்று பசிபிக் கடலில் ஜப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட இண்டியானாபொலிஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஏறத்தாழ 1,195 பேர் இருந்தார்கள். நான்கு நாட்களுக்கும் மேல் கடலில் மிதந்து பிழைத்தவர்கள் 316 பேர். சுறாக்களைப் பற்றித்தான் உலகம் பேசுகிறது. வெயில், தாகம், கடல்நீர் இவையும் அங்கே ஏராளமானவர்களைக் கொண்டுபோயின.

தண்ணீர் இருந்தும் குடிக்க ஆகாது என்பது நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பிள்ளைகளின் பல் பழுப்பேறி, பெரியவர்களின் முழங்கால் வளைந்ததை நாம் பார்த்த பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்த நீர் ஆண்டுக் கணக்கில் செய்வதை, கடல்நீர் ஓரிரு நாளில் செய்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். பாறையில் ஏறிச் செயலிழந்த கப்பலின் மேல் சிட்னி மறுபடியும் சுட்டது என்று படித்தேன். அது முறையா? (ஊத்தங்கரை)

பதில்: சுட்டது உண்மை. எம்டன் பாறையில் ஏறியதும், அதன் துணைக்கு வந்த நிலக்கரிக் கப்பலைத் துரத்திக்கொண்டு சிட்னி போய்விட்டது. மாலை நான்கு மணியளவில் திரும்பி வந்தபோது எம்டனின் பின்மரத்தில் ஜெர்மானியக் கொடி அப்படியே பறந்துகொண்டிருந்தது. சரணடைகிறீர்களா என்று கொடிக்குறியால் கேட்டார்கள். எம்டனில் கொடிக்குறிகளின் பொருள் சொல்லும் புத்தகங்கள் எல்லாம் அழிக்கப்பட்டிருந்ததால் சரியான பதில் வரவில்லை. சிட்னியின் கேப்டன் ஜான் கிளாசப் சிறிது நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு மீண்டும் சுட உத்தரவிட்டார். அதன் பிறகே ஒருவர் மரமேறிக் கொடியை இறக்கினார். வெள்ளைத் துணியும் காட்டப்பட்டது. இடைப்பட்ட நிமிடங்களில் மேலும் சிலர் உயிரிழந்தார்கள்.

கொடி பறக்கும் கப்பல் போரிடும் கப்பலே என்பது கடற்போரின் விதி. டார்பிடோ ஒன்று மிச்சமிருந்தால் அருகில் வருகிறவன் கதி என்ன என்று கிளாசப் எண்ணியதையும் தவறென்று சொல்ல முடியாது. ஆனாலும், அவர் பார்த்த பொருள் புகைபோக்கிகூட இல்லாமல் பாறைமேல் கிடந்த கரிக்கட்டை. விதியின்படி குற்றமில்லை, ஆனால் இன்னும் கால் மணி நேரம் பொறுத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இறக்காமல் விட்ட கொடிக்கு முல்லரும் பொறுப்பாளிதான். படையில் இருந்த நீங்கள் வேறு விதமாக நினைக்கலாம், எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மறுநாள் அதே சிட்னியின் மாலுமிகள் படகுகளை இறக்கி, அலைக்கு நடுவே காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி ஏற்றினார்கள். கப்பலில் இடம் போதாமல் தளமெங்கும் படுக்கவைத்து, இரு தரப்பு மருத்துவர்களும் சேர்ந்து அறுவை செய்தார்கள். பிழைத்தவர்கள் கொழும்பு வழியாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். முல்லர் உட்படப் பலர் மால்டாத் தீவில் கைதிகளாக வைக்கப்பட்டார்கள். கப்பல் இழந்து கடலில் தத்தளிப்பவரை எதிரியாயினும் காக்க வேண்டும் என்ற கடமையை 1949ஆம் ஆண்டின் இரண்டாம் ஜெனீவா உடன்படிக்கை இன்று விரிவாக வகுத்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் கரையில் விடப்பட்ட அந்த ஐம்பது பேர்? (கல்லூரி மாணவி, தேன்கனிக்கோட்டை)

பதில்: நல்ல கேள்வி. இந்தப் பதிலுக்காகத்தான் மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு வந்தேன்.

தீவில் அவர்கள் வந்த வேலையைச் செய்து முடித்திருந்தார்கள். கம்பியில்லாத் தந்திக் கம்பத்தை வெட்டிச் சாய்க்கும்போது, டென்னிஸ் ஆடுகளத்தின் மேல் விழாதபடி சாய்க்க முடியுமா என்று நிலையத்தார் கேட்டார்களாம். அப்படியே சாய்த்தும் கொடுத்தார்களாம். அவ்வளவு இணக்கமான சூழலில் இருந்தவர்கள், தங்கள் கப்பல் தொடுவானத்தில் அடிபட்டுப் போவதைக் கண்டார்கள். வெற்றிபெற்ற கப்பல் நிச்சயம் இங்கே வரும். மியூக்கேயின் கண் துறையில் நின்ற ஒரு பாய்மரக் கப்பலின் மேல் விழுந்தது. அதன் பெயர் ஆயிஷா. மூன்று பாய்மரம், 97 டன். தீவை ஆண்ட குடும்பத்தாருடைய அந்தக் கப்பல் கொப்பரை ஏற்றிச்சென்று வந்து, வயதாகி ஓய்வில் கிடந்தது. அடிப்பலகை உளுத்துவிட்டது, அதில் போகாதீர்கள் என்று தீவில் இருந்தவர்களே எச்சரித்தார்கள். மியூக்கே கேட்கவில்லை. அன்று மாலையே உணவுப்பொருள்களை ஏற்றிக்கொண்டு, ஜெர்மானியக் கொடியைக் கட்டி, ஐம்பது பேரும் புறப்பட்டுவிட்டார்கள். சிட்னி மறுநாள் தீவுக்கு வந்தபோது துறை வெறுமையாக இருந்தது.

விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் இருந்து ஓட்டிய கப்பலில் ஐம்பது பேர். தண்ணீர்த் தொட்டியும் அந்தச் சிலருக்காகச் செய்ததுதான். ஆகவே அவர்களைக் காப்பாற்றியது மழை. அந்தக் கடற்பகுதியில் அடிக்கடி திடீரென்று மேகம் திரண்டு கொட்டும். மேகம் கறுப்பதைக் கண்டதும் பழைய பாய்த்துணியை நான்கு மூலையிலும் தூக்கிக் கட்டி, நடுவில் தேங்கும் நீரைக் கிடைத்த பாத்திரங்களில் பிடித்துக்கொண்டார்கள். குளியலும் அந்த மழையில்தான். ஓட்டு வீட்டு இறவாணத்தில் அண்டாவையும் குண்டானையும் வரிசையாக வைத்து ஐப்பசி மழையைப் பிடித்த நம் பாட்டிமார், அந்தக் கப்பலில் இருந்திருந்தால் மியூக்கேக்கு ஒன்றிரண்டு யோசனை சொல்லியிருப்பார்கள்.

நவம்பர் 27 அன்று சுமத்ராவின் பாடாங் துறைமுகத்தை அடைந்தார்கள். அது டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த நடுநிலை நாடு. 24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் போர் முடியும்வரை சிறைவைத்துவிடுவார்கள். டச்சு அதிகாரிகள் உணவு தந்தார்கள். கடல் வரைபடம் தரவில்லை. மறுபடியும் கடல். டிசம்பர் நடுவில் சோய்சிங் என்ற ஜெர்மானிய வணிகக் கப்பலைச் சந்தித்து அதில் ஏறிக்கொண்டு, தங்களை ஐந்து வாரம் சுமந்த ஆயிஷாவைத் தங்கள் கையாலேயே துளையிட்டு மூழ்கடித்தார்கள். ஓட்டை ஒழுகல் என்று அதுவரை வைதவர்கள் அன்று பேச்சற்று நின்றதாகச் சொல்வார்கள்.

1915 ஜனவரியில் செங்கடல் வாயிலைக் கடந்து, துருக்கியர் ஆட்சியில் இருந்த ஏமன் நாட்டின் ஹொதைதாவில் இறங்கினார்கள். அங்கிருந்து தரை வழியே போகலாம் என்று உள்நாட்டுக்குள் சென்று, காய்ச்சலிலும் வழி அடைபட்டதிலும் வாரக்கணக்கைத் தொலைத்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு சம்புக் என்னும் அரபுப் படகுகளில் கரையோரமாக வடக்கே. ஒரு படகு பாறையில் மோதி மூழ்கியது, உயிர்ச்சேதம் இல்லை. ஆங்கிலேயரின் காவல் கப்பல்களுக்கு அஞ்சிக் கரையேறி ஒட்டகத்தில் சென்றபோது, ஏப்ரல் தொடக்கத்தில், ஜித்தாவுக்கு அருகே பாலைவனத்தில் ஆயுதம் தாங்கிய பெருங்கூட்டம் ஒன்று சூழ்ந்துகொண்டது. ஒட்டகங்களைப் படுக்கவைத்து, சுமைகளையும் மணலையும் அரணாக்கி, மூன்று நாள் தாக்குப்பிடித்தார்கள். கப்பல் போரில் தப்பியவர்களில் சிலர், ஓர் அதிகாரி உட்பட, அந்த மணலில் உயிரை விட்டார்கள். மீண்டவர்கள் ஜித்தா வழியாக வடக்கே சென்று, அல் உலாவில் ஹிஜாஸ் ரயிலைப் பிடித்து, டமாஸ்கஸ் வழியாக 1915 மே 23 அன்று கான்ஸ்டான்டிநோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லை அடைந்தார்கள். எம்டன் பாறையில் ஏறி ஆறரை மாதம் ஆகியிருந்தது. இவ்வளவையும் நடத்திச்சென்ற மியூக்கே பின்னாளில் போரையே எதிர்ப்பவராக மாறி, 1957இல் இறந்தார்.

கேள்வி: வெளிநாட்டுக் கதையையே சொல்கிறீர்களே, நம் நாட்டுக் கப்பல் எதுவும் போரில் மூழ்கவில்லையா? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: குறை நியாயமானது. 1971 டிசம்பர் 9 அன்று இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, தியூவுக்கு அப்பால் ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவில், நம் கடற்படையின் குக்ரி கப்பலை ஹாங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி டார்பிடோ ஏவி மூழ்கடித்தது. எம்டனுக்குக் கிடைத்த ஒன்றரை மணி நேரம் குக்ரிக்குக் கிடைக்கவில்லை. சில நிமிடங்களில் கப்பல் நீருக்குள் போய்விட்டது. கீழ்த்தளங்களில் இருந்தவர்களுக்கு ஏணியைத் தேடவே நேரமில்லை. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தார்கள். 67 பேர் பிழைத்தார்கள். இருட்டில் கடலில் மிதந்துகொண்டிருந்தவர்களை மறுநாள் நம் கப்பல்கள் மீட்டன.

அதன் கேப்டன் மகேந்திர நாத் முல்லா. அங்கே முல்லர், இங்கே முல்லா என்ற பெயர்ப் பொருத்தம் தற்செயலானது. ஆனால் இரண்டு பேரும் தம் ஆட்களை முதலில் நினைத்தவர்கள். முல்லா தம் உயிர்காப்புச் சட்டையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களை வெளியேறச் சொல்லிவிட்டு, தாம் கப்பலிலேயே இருந்துவிட்டார். அவருக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது. தியூவில் கடலைப் பார்த்த ஒரு மேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் சிறிய உருவத்தை வைத்து நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள்.

கப்பலோடு கேப்டனும் போக வேண்டும் என்பது சட்டமா என்று இதே வாசகர் பின்குறிப்பில் கேட்கிறார். சட்டம் இல்லை. கடைசி ஆள் வெளியேறும்வரை பொறுப்பு கேப்டனுடையது என்பதே மரபு. அதற்கு மேல் அவரவர் மனம்.

கேள்வி: என் நண்பனின் தந்தையை ஊரே எம்டன் என்றுதான் அழைக்கிறது. திருமணப் பத்திரிகையில் அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயரைப் போடலாமா என்று நண்பன் கேட்கிறான். (மொரப்பூர் வாசகர்)

பதில்: முன்னுதாரணம் இருக்கிறது. போருக்குப் பின் ஜெர்மானிய அரசு, எம்டனில் பிழைத்தவர்கள் தம் குடும்பப் பெயரோடு எம்டன் என்பதைச் சேர்த்துக்கொள்ளவும், அது பிள்ளைகளுக்கும் தொடரவும் அனுமதி தந்தது. இன்றும் அங்கே அந்தப் பெயரோடு குடும்பங்கள் உண்டு. ஆகவே அச்சிடலாம், ஆனால் அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன்பு அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஊர் தம்மை அப்படி அழைக்கிறது என்பது இதுவரை அவர் காதுக்கு எட்டாமல் இருந்திருக்கக்கூடும்.